கருநாடக இசையும் அது ஒலித்த இடங்களும்

கருநாடக இசையை வழிவழி வந்த செல்வம் என்று போற்றுவது வழக்கம். குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்கும், அச்சீடன் வாயிலிருந்து அடுத்த தலைமுறையின் செவிக்குமாக அது வந்து சேர்ந்தது. அதன் வரலாற்றைக் கூறப் புகுவோர் இராகங்களின் இலக்கணத்தையும், பாடல்களை ஆக்கிய வாக்கேயகாரரையும், அவர்களை ஆதரித்த மன்னரையும் பற்றி விரிவாகக் கூறுவர். ஆனால் அவ்விசை எந்த இடத்தில் நின்று பாடப்பட்டது, எத்தனை பேர் எவ்வளவு தூரத்திலிருந்து கேட்டனர், எந்தக் கருவி அதனைப் பதிந்து வைத்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை தேடினால், என்றும் மாறாதன என்று கருதப்படும் பல இயல்புகள் இடத்தினாலும் கருவியினாலும் உண்டானவை என்பது புலப்படும். குரலின் சுருதி, பாட்டின் நீளம், கச்சேரியின் ஒழுங்கு, பக்கவாத்தியங்களின் தேர்வு ஆகிய யாவும் இவற்றுள் அடங்கும். எவருடைய இசை பலர் காதுக்கு எட்டிற்று, எவருடைய இசை எட்டாமலே போயிற்று என்பதையும் பெரும்பாலும் இவையே தீர்மானித்தன.

முதலில் ஒலியின் இயல்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். திறந்த வெளியில் எழும் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவித் தேய்கின்றது. தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு காற்பங்காகக் குறைகின்றது. சுவர்களும் கூரையும் உள்ள இடத்திலோ, ஒலி அவற்றிற் பட்டு மீண்டும் மீண்டும் திரும்பிச் சிறிது நேரம் நின்று ஒலிக்கின்றது. இவ்வாறு நின்றொலிக்கும் நேரத்தை முதன்முதலாக முறைப்படி அளந்தவர் அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் வாலஸ் சபைன் என்பவர். ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரை எதுவும் விளங்காத மண்டபம் ஒன்றிருந்தது. 1895ஆம் ஆண்டில் அதனைச் சீர்செய்யுமாறு பணிக்கப்பட்ட சபைன், வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவு தோறும் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஓகன் குழலை ஊதச் செய்து, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரங் கொண்டு கணித்தார். மண்டபத்தின் கன அளவு, சுவரின் தன்மை, உள்ளே இருக்கும் மெத்தை, மனிதர் ஆகிய எல்லாம் சேர்ந்தே ஒலியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்று கண்டார். அக்கணக்கின் துணைகொண்டு அமைக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பொனி மண்டபம் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

சபைனின் கணக்கு தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்நாட்டு இசைவாணர் தத்தம் இடத்திற்கேற்ற ஒலியைப் பழக்கத்தினால் அறிந்திருந்தனர். இதற்குத் தலையாய சான்று கோயில் வீதியின் இசையாகிய நாதசுவரமும் தவிலுமாகும். சுவாமி வீதியுலாப் புறப்படும்போது மேலே கூரையில்லை, சுற்றிலும் சுவரில்லை, தேரின் ஓசையும் மக்களின் ஆரவாரமும் சூழ்ந்திருக்கும். அங்கே மெல்லிய ஒலிக்கு இடமேயில்லை. ஆச்சா மரத்திற் கடைந்த குழலும், நாணலாற் செய்த சீவாளியும், விரிந்த அணசும் கொண்ட நாதசுவரம் அந்த வீதிக்கென்றே வளர்ந்த வாத்தியம். தவிற்காரர் வலக்கை விரல்களிற் கெட்டியான கூடுகளை மாட்டி, இடக்கையிற் கழி பிடித்து முழக்குவதும் அதே காரணத்தினாலாகும்.

வீதி மற்றொரு கொடையையும் இவ்விசைக்கு அளித்தது. அது காலம். ஊர்வலம் நான்கு வீதிகளையும் சுற்றிவரப் பல மணி நேரமாகும். புறப்பாட்டில் மல்லாரி வாசித்த நாதசுவரக் கலைஞர், பின்னர் வீதிச் சந்தியில் நின்று ஒரே இராகத்தை நெடுநேரம் விரித்து வாசிப்பார். அவசரப்படுத்துவோர் எவருமில்லை. கருநாடக இசையின் இராக ஆலாபனை இத்துணை விரிவு பெற்றதற்கு நாதசுவரக் கலைஞரின் வீதி வாசிப்பு ஒரு பெருங் காரணம் என்பது இசையறிஞர் பலரின் கருத்து. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களிலும் இவ்வழக்கம் வேரூன்றி வளர்ந்தது. விடிய விடிய நாதசுவரமும் தவிலும் கேட்டுப் பழகிய அவ்வூர்ச் செவிகளே தவில் மேதை தெட்சணாமூர்த்தி போன்றோரை உருவாக்கின. 1933 முதல் 1975 வரை வாழ்ந்த அவருடைய புகழ் கடல் கடந்து தமிழ்நாடெங்கும் பரவியது.

கோயிலின் உட்புறத்து இசை வேறு வகையினது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாடுவதற்கென்று முதலாம் இராசராசன் நாற்பத்தெண்மரை நியமித்து, அவர்களுடன் உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான் என்று அக்கோயிற் கல்வெட்டு உரைக்கின்றது. கல்லாலாகிய மண்டபத்தில் ஒலி எளிதில் அடங்குவதில்லை. ஒரு சொல்லின் முழக்கம் அடுத்த சொல்லின் மேல் விழுகின்றது. விரைவான சுரக்கோவைகள் அங்கே குழம்பிப் போகும். நீட்டிப் பாடும் பண்ணும், பலர் சேர்ந்தெழுப்பும் குரலும் அங்கே நிறைந்து நிற்கும். தேவாரம் ஓதும் முறையில் அமைந்துள்ள நிதானம் கல் மண்டபத்தின் இயல்போடு இசைந்து நிற்பதை இன்றும் பழைய கோயில்களிற் கேட்டு உணரலாம்.

வீதிக்கும் மண்டபத்திற்கும் நேர்மாறானது வீட்டின் கூடம். அதற்குரிய வாத்தியம் வீணை. வீணையின் தந்தியை மீட்டியபின் எழும் நாதம் விரைவிலே தேய்ந்துவிடும். ஆனால் அது தேயும் நேரத்திற்குள் தந்தியை இழுத்துக் காட்டும் நுண்ணிய கமகங்களே வீணையின் உயிர். பத்துப் பதினைந்து பேர் அருகிலமர்ந்து மூச்சடக்கிக் கேட்டாலன்றி அவை செவிக்கு எட்டா. 1867 முதல் 1938 வரை வாழ்ந்த வீணை தனம்மாள், சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வாசித்து வந்தார். சென்னையின் தேர்ந்த வித்துவான்களும் சுவைஞரும் அங்கே கூடுவர். அம்மையார் மீட்டுகோல் எதுவும் அணியாது வெறும் விரலாலேயே வாசித்தார். சிறு சலசலப்பு எழுந்தாலும் வாசிப்புக்கு இடையூறாகும் என்பதனால், வந்தோர் மிகுந்த அடக்கத்துடன் இருப்பர். அவ்விசையை ஆயிரம் பேர் அமரும் கொட்டகைக்குக் கொண்டுபோயிருந்தால், அதன் மேன்மைகளுள் ஒன்றேனும் அங்கே கேட்டிராது.

பாட்டுக்கு உற்ற துணையாக வீணை விளங்கிய நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாறத் தொடங்கிற்று. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் மேனாட்டு வாத்தியமாகிய வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினர். வில்லால் இழைக்கப்படும் வயலினின் நாதம் தேய்வதில்லை; வில் ஓடும்வரை அது நின்று ஒலிக்கும். மனிதக் குரலைப் போல நீண்டும் குழைந்தும் செல்லும் ஆற்றலோடு, தூரத்தே இருப்போர் செவிக்கும் எட்டும் வலிமையும் அதற்குண்டு. கேட்போர் தொகை பெருகப் பெருக வீணை பின்சென்று வயலின் முன்வந்ததில் வியப்பில்லை. இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி அரிது.

இனி, ஒலிபெருக்கி இல்லாத காலத்துப் பெருங் கூட்டத்தின் முன் குரல் பட்ட பாட்டை நோக்கலாம். நாடகக் கொட்டகையில் தகரக் கூரையின் கீழே ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். கடைசி வரிசையில் தரை டிக்கட்டு வாங்கி அமர்ந்தவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். உயர்ந்த சுருதியிற் பாடும் குரலே இரைச்சலைப் பிளந்துகொண்டு அவ்வளவு தூரம் செல்லும். ஆதலால் நாடக நடிகர் ஐந்து கட்டைக்குக் குறையாமற் பாடும் ஆற்றலுடையவராக இருத்தல் வேண்டுமென்று எதிர்பார்க்கப்பட்டது. கட்டை என்னும் அளவே ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளைக் கொண்டு எழுந்த வழக்காகும். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அத்தகைய உச்சக் குரலினால் தமிழுலகை ஆண்டவர். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் 1926ஆம் ஆண்டில் கொழும்பு நாடக மேடையில் இணைந்து நடித்தமை ஈழத்து மக்களுக்கு என்றும் நினைவிலுள்ள செய்தி. இருபத்தேழு வயதில், 1933ஆம் ஆண்டில் கிட்டப்பா மறைந்தார். அவருடைய உயர்சுருதியை இறைவன் அளித்த கொடையென்று மட்டும் கருதினால் பாதி உண்மையே விளங்கும். அந்தக் கொட்டகை அத்தகைய குரலையே வேண்டி நின்றது. தாழ்ந்த குரலுடைய பாடகன் எத்துணைப் புலமை பெற்றிருந்தாலும் அதன் வாயிலிலேயே நின்றுவிட்டான்.

மன்னரும் சமீந்தாரும் இசைக்கு அளித்த ஆதரவு குன்றிய பின்னர், நகரங்களிலே சபைகள் எழுந்தன. சந்தா கட்டிய உறுப்பினரும், டிக்கட்டு வாங்கியவருமாகிய பலதரப்பட்ட மக்கள் ஒரே கொட்டகையிற் கூடினர். 1927ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டையொட்டி ஓர் இசை மகாநாடும் நடைபெற்றது; அதன் பயனாக 1928ஆம் ஆண்டில் சென்னைச் சங்கீத வித்துவ சபை நிறுவப்பட்டது. தொடக்கத்தில் இத்தகைய கச்சேரிகள் பெரும்பாலும் தற்காலிகப் பந்தல்களிலேயே நடந்தன. கீற்றும் துணியும் ஒலியை விழுங்கும் இயல்பின. அங்கே பாடுபவர் தம் குரலின் வலிமையை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அச்சபைக்குரிய நிலையான அரங்கு 1962ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது.

பல சுவையினரான இக்கூட்டத்தை மூன்று நான்கு மணி நேரம் அமரச் செய்யும் வகையிற் கச்சேரியை அமைத்தவர் அரியக்குடி இராமாநுச ஐயங்கார். விறுவிறுப்பான வர்ணத்தில் தொடங்கிச் சிறு கீர்த்தனங்கள் பலவற்றைப் பாடி, நடுவே ஒன்றை விரித்து, இறுதியில் எளிய துக்கடாக்களோடு முடிக்கும் அவருடைய முறையே இன்றளவும் நிலவுகின்றது. ஒரே பல்லவியிற் பெரும்பொழுதைக் கழித்த பழைய அரசவைப் பாடகரின் முறை சபைக்கு ஒத்துவரவில்லை. இன்று பழைமையானதென்று போற்றப்படும் கச்சேரிப் பத்ததி, இவ்வாறு இருபதாம் நூற்றாண்டின் சபை மேடையில் உருவானதேயாகும்.

இதற்கிடையே, இசை நிகழும் இடத்தை முற்றிலும் மாற்றிவிட்ட ஒரு கருவி இந்தியாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. 1902ஆம் ஆண்டின் இறுதியில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் என்பவர் கல்கத்தாவில் வந்திறங்கி, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தமது பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவது அத்தட்டுக்களிற் கேட்கும். பதிந்த மூலத்தட்டுக்கள் கப்பலேறி ஜேர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே அச்சாகித் திரும்பின. பாடியவர் யாரென்று அங்குள்ளோர் அறிந்துகொள்ள அவ்வறிவிப்பு உதவிற்று. 1908ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொழிற்சாலை அமைந்தபின் அத்தொலைப் பயணம் தேவையற்றதாயிற்று.

அக்காலத்து ஒலிப்பதிவில் மின்சாரம் இல்லை. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாயருகே முகத்தை வைத்துப் பாடுவார். குரலின் அதிர்வு மெல்லிய தகடொன்றை அசைக்க, அதனோடு பொருந்திய ஊசி மெழுகுத் தட்டிற் கோடு கீறும். இம்முறையில் விநாடிக்கு ஏறத்தாழ 250 முதல் 2,500 வரையான அதிர்வுகளே பதிவாயின. மிருதங்கத்தின் தொப்பி நாதம் அதற்குக் கீழே தங்கிவிட்டது. தம்புராவின் மென்மையான சுநாதம் மறைந்தே போயிற்று. கூர்மையும் உரப்பும் உள்ள குரலே தட்டில் தெளிவாக விழுந்தது. பழைய தட்டுக்களிற் பாடகியரின் குரல் மிக உயர்ந்த சுருதியிலும், பெரும்பாலும் விரைவான நடையிலும் ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று அத்தட்டைக் கேட்டு, அக்காலத்தார் இவ்வாறுதான் பாடினர் என்று தீர்ப்புக் கூறுவது பொருந்தாது. குழாய்க்கு முன் நின்று, குழாய்க்காகப் பாடிய பாட்டு அது.

தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிய காலமோ மூன்று நான்கு நிமிடங்களேயாகும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டு, வீதியில் மணிக்கணக்காக விரிந்த இராகத்தை ஒரு கைப்பிடிக்குள் அடக்கச் சொல்லிற்று. சிலர் பல்லவியையும் அனுபல்லவியையும் பாடி நிறுத்தினர். சிலர் நிரவலை விட்டனர். வேறு சிலர் இராகத்தின் சாரத்தை மூன்று நிமிடத்திற் பிழிந்து தரும் புதிய திறமையொன்றைப் பெற்றனர். தொடங்கியவுடனே இராகத்தின் முகத்தைத் தெளிவாகக் காட்டுவது இத்திறமையின் முதற் படி. தேவையற்ற சுற்றல்கள் யாவும் நீங்கின. இழப்பும் ஆக்கமும் ஒருங்கே நேர்ந்தன என்பதே நடுநிலையான கூற்று.

இசைத்தட்டு செய்த மற்றொரு வேலை சமூகத்தைச் சார்ந்தது. இயந்திரத்துட் பாடினாற் குரல் கெடும், ஆயுள் குறையும் என்ற அச்சம் வித்துவான்கள் பலரிடையே நிலவிற்று. தம் இசை கண்ட கண்ட இடங்களிலே ஒலிக்கும் என்று தயங்கியோரும் உளர். தயங்காது முன்வந்தோருட் பலர் தேவதாசி மரபிற் பிறந்த பெண்கள். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர்த் தாயி ஆகியோரின் குரல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தட்டிலேறின. எந்தச் சமூகம் அவர்களைத் தாழ்வாக நோக்கிற்றோ, அந்தச் சமூகத்தின் வீட்டுக் கூடங்களிலேயே அவர்களுடைய பாட்டு ஒலித்தது. தாயியின் இசைத்தட்டு ஒன்றின் இனிமையில் ஈடுபட்ட பிரெஞ்சு நாட்டு இசையாசிரியர் மோரிஸ் டிலாஜ், அதனை அடிப்படையாகக் கொண்டு இராகமாலிகா என்ற பெயரில் ஓர் இசையாக்கம் செய்தார். கோயம்புத்தூர்ப் பெண்ணொருத்தியின் குரல் பாரிஸ் நகரத்துப் பியானோவில் எதிரொலிக்கச் செய்தது அச்சிறு தட்டு.

மறுபுறம், தட்டில் பாடாதவர் மறதிக்கு இரையாயினர். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை தாளக் கணக்கிற் சிங்கமென்று பெயர் பெற்றவர். பக்கவாத்தியங்கள் பலவற்றைச் சூழ வைத்துக்கொண்டு, பல்லவியிற் போர்க்களம் போன்ற மேடையை உண்டாக்கியவர். 1934ஆம் ஆண்டில் மறைந்த அவருடைய குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. கேட்டோர் சொன்ன சொற்களும், சீடர் வழி வந்த பாடாந்தரமுமே எஞ்சியுள்ளன. கௌஹர் ஜானின் குரலை நூறாண்டு கடந்தும் கேட்க முடிகின்றது. நயினாப் பிள்ளையின் குரலைக் கேட்க வழியில்லை. இசை வரலாற்றில் நினைவும் மறதியும் எப்போதும் தகுதியை அளந்து பங்கிடப்படுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1925ஆம் ஆண்டில் மின்சார ஒலிப்பதிவு முறை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. கூம்புக் குழாயின் இடத்தை ஒலிவாங்கி பிடித்தது. குரலின் அடித்தளமும் மேல் நுனியும் முன்னைவிடச் செவ்வையாகப் பதிந்தன. கூவிப் பாட வேண்டிய கட்டாயம் நீங்கிற்று. வெள்ளிக்கிழமைக் கூடத்துக்குள்ளேயே வாழ்ந்த தனம்மாளின் வீணையும் 1930ஆம் ஆண்டுகளில் தட்டிலேறியது. பழைய குழாயின் முன் அவ்வீணையை வைத்திருந்தால் அதன் நாதத்தில் மிகச் சிறிதே பதிவாகியிருக்கும்.

அடுத்து வந்தது வானொலி. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒலிபரப்புத் தொடங்கிற்று. சென்னையில் அகில இந்திய வானொலியின் நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது. இலங்கை வானொலி 1949ஆம் ஆண்டில் அப்பெயரைப் பெற்று, 1967ஆம் ஆண்டில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. வானொலிக் கலையகம் முன்னெப்போதும் இல்லாத ஓர் இடம். அதன் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பாதவாறு மென்பொருள்களால் மூடப்பட்டிருக்கும். கேட்போர் அங்கே இலர். தலையசைத்து ஆமோதிப்பாரும் இலர். சுவரிலே கடிகாரம் மட்டும் இருக்கும். சபையிலே பாட்டின் சுவை கண்டு நேரத்தை நீட்டிய வித்துவான், இங்கே குறித்த நிமிடத்தில் மங்களம் பாடி முடிக்கக் கற்றுக்கொண்டார். வீதிக்கென்று பிறந்த நாதசுவரம் இங்கே ஒலிவாங்கியிலிருந்து தள்ளி வைக்கப்பட்டது. வீணை அருகே கொண்டுவரப்பட்டது. வீதியின் வாத்தியமும் கூடத்தின் வாத்தியமும் முதன்முறையாக ஒரே அளவான ஒலியோடு ஒரே வீட்டிற் கேட்டன. சபைக்குச் செல்ல வசதியில்லாத குடும்பங்களுக்கும், பொதுக் கூட்டத்தில் அமர வாய்ப்பில்லாத பெண்களுக்கும் இசையின் கதவு திறந்தது வானொலியாலேயாகும்.

ஒலிவாங்கி கலையகத்தோடு நிற்கவில்லை. 1930ஆம் ஆண்டுகளில் அது ஒலிபெருக்கியோடு சேர்ந்து கச்சேரி மேடைக்கும் வந்தது. அதன் விளைவு மிகப் பெரிது. கடைசி வரிசைக்கும் கேட்கும் பொருட்டு உச்சத்தில் நின்ற குரல்கள் மெல்ல மெல்லக் கீழிறங்கின. ஆடவர் பலர் ஒன்று, இரண்டு கட்டைகளில் அமைதியாகப் பாடத் தொடங்கினர். பெண்களின் சுருதியும் பழைய தட்டுக்களிற் கேட்கும் உயரத்திலிருந்து தாழ்ந்தது. மெல்லிய குரலுடையாரும் மேடையேறி ஆயிரவர் உள்ளத்தைக் கவர முடிந்தது. குரலின் உள்ளே அடங்கிக் கிடந்த சிறு அசைவுகள் அரங்கெங்கும் கேட்டன. புல்லாங்குழலின் மென்மையான குழைவும், மிருதங்கத்தின் நுண்ணிய விரற்சொற்களும் புதுவாழ்வு பெற்றன. பத்து வயதளவில் 1926ஆம் ஆண்டில் முதல் தட்டிற் பாடிய எம். எஸ். சுப்புலட்சுமி, தட்டு, திரைப்படம், வானொலி, ஒலிபெருக்கி என்னும் நான்கின் வழியாகவும் மக்களை அடைந்தவர். அத்தகைய பரந்த புகழ் முந்திய தலைமுறையிற் பிறந்த பெண்ணொருத்திக்குக் கிட்டியிராது.

ஆயினும் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. முன்பு மேடையில் இருந்தோர் ஒருவருடைய ஒலியை மற்றவர் செவியாற் கேட்டு, அதற்கேற்பத் தம் ஒலியை அடக்கியோ உயர்த்தியோ இசைத்தனர். கச்சேரியின் சமநிலை அவர்கள் கையில் இருந்தது. ஒலிபெருக்கி வந்தபின் அச்சமநிலை, இசையறியாத ஓர் இயக்குநரின் விரலுக்கு மாறிற்று. ஒருவருக்கு ஒலி கூட்டினால் மற்றவரும் கூட்டச் சொல்வர். முடிவில் இரைச்சலே மிஞ்சும். இதனை நன்குணர்ந்தவர் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர். மிருதங்கத்தின் இயற்கை நாதத்தை ஒலிபெருக்கி சிதைக்கின்றது என்று கருதிய அவர், 1960ஆம் ஆண்டுகளில் ஒலிவாங்கி இல்லாமலே வாசிப்பதென்று உறுதி பூண்டார். சபைகளுக்கு அது பெருஞ் சங்கடமாயிற்று. எண்ணற்றோர் அமர்ந்த அரங்கில் பின்வரிசைச் சுவைஞன் கேட்கும் உரிமையா, முன்வரிசைச் சுவைஞன் தூய நாதத்தை நுகரும் உரிமையா என்னும் கேள்வி அங்கே எழுந்தது. இரண்டும் நியாயமான உரிமைகளே. ஆதலால் அக்கேள்வி இன்னமும் தீர்ந்தபாடில்லை.

வீதியின் இசையையும் இம்மாற்றம் விட்டுவைக்கவில்லை. 1898 முதல் 1956 வரை வாழ்ந்த திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை, குறுகிய உயர்சுருதித் திமிரி நாயனத்தின் இடத்தில், நீண்ட தாழ்சுருதிப் பாரி நாயனத்தை நிலைநாட்டினார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக் கொள்வதும் அவர் கண்ட புதுமை. வீதியில் திமிரியின் கூர்மை தேவையாயிருந்தது. சபை மேடையிலும் இசைத்தட்டிலும் பாரியின் கனிந்த நாதமே பொருத்தமாயிற்று. அவருடைய தோடி ஊர் ஊராகப் பரவியது தட்டினாலும் வானொலியினாலுமாகும். இதன்வழி நாதசுவரம் கோயிலுக்கு வெளியேயும் மதிப்புப் பெற்றது. அதே வேளையில், வீதிச் சந்தியில் நின்று இரவு முழுவதும் ஓர் இராகத்தை வாசிக்கும் வழக்கம் படிப்படியாக அருகிற்று.

மிக மெல்லிய சங்கீதத்துக்கோ வேறோர் இடர் நேர்ந்தது. தனம்மாளின் பேர்த்தியரான பிருந்தா, முக்தா சகோதரியர், பாட்டியாரின் நிதானமும் நுணுக்கமும் நிறைந்த வழியைக் காத்து வந்தனர். வித்துவான்களே அவர்களிடம் சென்று பாடம் கேட்டனர். எனினும் பெருஞ் சபைகளின் கூட்டம் வேகத்தையும் ஆரவாரத்தையும் விரும்பிற்று. ஒலிபெருக்கி ஒலியைப் பெருக்கித் தந்ததேயன்றி, சிறு கூடத்தின் நெருக்கத்தையும் அமைதியையும் பெருக்கித் தரவில்லை. ஓரிடத்திற்கென்று பிறந்த இசை அவ்விடத்தை இழந்தால், கருவியால் அதனை முற்றாக ஈடுசெய்ய இயலாது என்பதை இது காட்டுகின்றது.

பிற்காலத்து மாற்றங்கள் விரைவாக நடந்தன. நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேல் அடங்கும் அத்தட்டில் ஆலாபனைக்கு மீண்டும் இடம் கிடைத்தது. காந்த நாடாவும், அதன்பின் ஒலிநாடாப் பேழையும் முழுக் கச்சேரியையே பதிவு செய்ய உதவின. ஒலியை மின்சாரத்தாற் பெருக்கும் வசதி இருந்ததனாலேயே, மேனாட்டுச் சிறு வாத்தியமாகிய மாண்டலின், யு. சீனிவாஸ் என்னும் மேதையின் கையிற் கருநாடக இசையின் கமகங்களை வழங்கும் வாத்தியமாக உயர்ந்தது. வீணையின் உடலிலும் சிறு ஒலிவாங்கி பொருத்தப்பட்டது. தம்புராவின் இடத்தைப் பல மேடைகளில் மின்னணுச் சுருதிப் பெட்டி பிடித்தது. சென்னையில் ஒலிவாங்கியில்லாக் கச்சேரிகளை இடையிடையே நடத்துவோரும் இருபத்தோராம் நூற்றாண்டில் தோன்றினர். சிறு கூடத்தில் வெறுங் குரலைக் கேட்கும் அனுபவத்தைப் புதிய தலைமுறையும் பெறட்டும் என்பது அவர்கள் நோக்கம்.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க படிப்பினை ஒன்றுண்டு. ஐந்து கட்டையிற் பாடிய காலமே பொற்காலம் என்று ஏங்குவதும், இன்றைய மேடையே முழு வளர்ச்சி என்று பெருமை கொள்வதும் ஒரே வகையான தவறுகள். ஐந்து கட்டை கொட்டகையின் தேவை; மூன்று நிமிடம் தட்டின் தேவை; மெல்லிய குரல் ஒலிவாங்கி அளித்த சலுகை. இவற்றுள் எது இசையின் உயிர், எது இடம் இட்ட கட்டளை என்று பிரித்தறிந்தால், மரபின் பெயரால் எதனைக் காத்தல் வேண்டும் என்பதும் தெளிவாகும். பழைய தட்டைக் கேட்போர், அதன் இரைச்சலுக்கு அப்பால் இருந்த முழுக் குரலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தட்டில் ஏறாத குரல்களுக்கும் இசை வரலாற்றில் உரிய இடமளித்தல் வேண்டும். அரங்கு கட்டுவோரும், விழா எடுப்போரும், ஒலிப்பதிவு செய்வோரும் தாம் அமைப்பது வெறும் கட்டடமோ கருவியோ மட்டுமன்று, நாளைய தலைமுறை மரபென்று போற்றப்போகும் இசையின் ஒரு பகுதியையும் தாமே அமைக்கின்றனர் என்பதை உணர்தல் நலம்.